இரண்டாவது பிரேக்

அக்காவின் செருப்புகளில் எப்போதும் வலதுதான் முதலில் தேயும். இடது, கடையிலிருந்து வாங்கி வந்த அன்று போலவே இருக்கும். வலதில் பெருவிரலுக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். பதினாறு வருடங்களாக அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். கூரையில் பலகை பொருத்திய சின்ன வெள்ளைக் கார். ஓட்டுநர் இருக்கையில் கற்றுக்கொள்ள வந்தவர், பக்கத்து இருக்கையில் அக்கா. அந்த இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுபவர் எதன் மீதாவது மோதப்போகிறார் என்று தெரிந்தால் அக்கா அதை மிதிப்பார். ஒரு நாளைக்கு ஏழு வகுப்பு. "எனக்கு சம்பளமே இந்தக் காலுக்குத்தான். வாய் சும்மா கூட வருது" என்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது காரில் அல்ல, மாலைக் கல்லூரியில். உளவியலும் ஆலோசனையும் சேர்ந்த பட்டப்படிப்பின் முதல் நாள். எங்களில் பெரும்பாலோருக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. கையில் சாவிக்கொத்தோடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உள்ளே வந்ததும் பேராசிரியர் என்று நினைத்து வகுப்பே எழுந்து நின்றது.

"உக்காருங்க கண்ணுங்களா, நானும் உங்க கட்சிதான்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார்.

ஏன் இந்தப் படிப்பு என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். மனித மனத்தின் ஆழம், சமூகத்துக்குச் சேவை என்று நாங்கள் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னோம். அக்கா சொன்னது இதுதான்: "கார்ல எல்லாரும் என்கிட்ட எதையாவது சொல்லிடறாங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது உண்மை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. ரிவர்ஸ் பழகும்போது விவாகரத்தைப் பற்றிச் சொன்னவர் உண்டு. சிக்னலில் நிற்கும்போது, தான் இன்னும் பரீட்சையில் தேறவில்லை என்பது வீட்டுக்குத் தெரியாது என்று சொன்ன பெண் உண்டு.

அக்காவின் வீட்டில் மூன்று பேர். கணவர் அச்சகத்தில் எந்திரம் ஓட்டுகிறார். காரென்றால் பின் இருக்கையில்தான் உட்காருவார், அதுவும் மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. மகள் பத்தாவது படிக்கிறாள். சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் மகளின் வேதியியல், மறுபக்கம் அக்காவின் புள்ளியியல். நான் ஒருமுறை குறிப்புகள் வாங்கப் போயிருந்தபோது, மகள் குளிக்காமல் கைபேசியோடு படுத்திருந்தாள். அக்கா மிகவும் மென்மையாக, "நீ இப்ப சோர்வா உணர்றேன்னு எனக்குப் புரியுது" என்று தொடங்கினார்.

"அம்மா, ஒழுங்கா திட்டு" என்றாள் மகள். "அந்தக் குரல்ல பேசாத. பயமா இருக்கு."

"எந்திரிடி எருமை."

"ம். இப்ப எங்கம்மா."

படிப்பில் அக்கா மோசமில்லை. திட்ட விலக்கம் என்றால் என்ன என்று நாங்கள் சூத்திரத்தை வைத்துக்கொண்டு முழித்தபோது, "நடுக்கோட்டை விட்டு வண்டி எவ்வளவு அலையுது, அவ்வளவுதானே?" என்று கேட்டார். ஆசிரியர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அதைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டார். நினைவு, ஆளுமை, பிறழ்நிலை உளவியல், எல்லாவற்றிலும் தேறினார். மாட்டிக்கொண்டது கடைசி வருடத்தில், ஆலோசனைச் செய்முறையில்.

செய்முறை என்றால் ஒரு சின்ன அறை. முன்பு பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த இடம். இரண்டு நாற்காலிகள், நடுவில் தாழ்வான மேசை, அதில் ஒரு டிஷ்யூ பெட்டி. சுவர்க் கடிகாரம் ஆலோசனைக்கு வருபவரின் தலைக்குப் பின்னால் இருக்கும், அவர் நேரத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. உண்மையான கவலையோடு வரும் ஒருவருடன் இருபது நிமிடம் பேச வேண்டும். பேச்சு ஒலிப்பதிவாகும். பிறகு அதை மூன்று பத்திகளில் எழுத வேண்டும்: அவர் சொன்னது, நான் சொன்னது, ஏன் அப்படிச் சொன்னேன். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தேறாவிட்டால் அந்தப் பாடத்தை இன்னொரு வருடம் படிக்க வேண்டும்.

அக்காவுக்கு இன்னொரு வருடம் கிடையாது. ஐந்து மணிக்கு மேல் அவருக்கு வகுப்பு போடுவதில்லை என்று பயிற்சிப் பள்ளி முதலாளி மூன்று வருடத்துக்குத்தான் ஒப்புக்கொண்டிருந்தார். "நாலாவது வருஷம்னு வந்து நிக்காதம்மா" என்று அன்றே சொல்லிவிட்டார்.

பயிற்சிக்கு எங்களை மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். ஒருவர் ஆலோசகர், ஒருவர் ஆலோசனைக்கு வருபவர், ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கவனித்துக் குறிப்பெடுப்பவர். அக்கா, நான், எங்கள் மூன்றாவது ஆள் வக்கீல். அவன் சட்டம் படிக்கவில்லை. ஆலோசனைக்கு வந்தவரை, "நீங்க சொல்றது முன்னாடி சொன்னதோட ஒத்துப்போகலையே" என்று குறுக்கு விசாரணை செய்ததால் வந்த பெயர். எனக்கு அக்கா வைத்த பெயர் சைலன்சர். நான் அதிகம் பேசுவதில்லை.

ஒருநாள் வக்கீல் ஆலோசனைக்கு வருபவனாக உட்கார்ந்தான். முதலில் கிண்டலாகத்தான் தொடங்கினான். பிறகு அவன் குரல் இறங்கியது. "எங்கப்பா என்கிட்ட நேரா பேசி..." என்று நிறுத்தினான்.

"சரி, காலேஜுக்கு எதுல வர்ற? பஸ்ஸா?" என்றார் அக்கா. கேட்டுக்கொண்டே டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

வக்கீல் பெட்டியைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். "அக்கா, உங்ககிட்ட கண்ணீர் வர்றதுக்கு முன்னாடியே டிஷ்யூ வந்துடுது" என்றான். மூவரும் சிரித்தோம். ஆனால் அப்பாவைப் பற்றி அவன் மறுபடி வாய் திறக்கவில்லை.

முதல் தேர்வில் அக்கா தேறவில்லை. இரண்டாவதிலும் இல்லை. எங்கள் செய்முறைப் பேராசிரியை, மேடம் என்றே எல்லோரும் சொல்வோம், அக்காவைவிட ஆறேழு வயது சின்னவர். இரண்டு முறையும் அவர் எழுதியது ஏறக்குறைய ஒன்றுதான்: 'வந்தவர் முக்கியமான ஒன்றைத் தொடும்போதெல்லாம் ஆலோசகர் பேச்சைத் திருப்பிவிடுகிறார். காரணம் ஆலோசகருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.'

காரணம் எனக்குத் தெரியும் என்பதுதான் இரண்டு வாரமாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

கவனிப்பவரின் நாற்காலி பக்கவாட்டில் இருக்கும். எதிரே இருப்பவருக்கு மேசை மறைக்கும் இடம் எனக்குத் தெரியும். வக்கீல் 'எங்கப்பா' என்ற நொடியில் அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது. நுனிக்காலில், முழு பலத்தோடு. முதலில் அது ஏதோ பழக்கம் என்று நினைத்தேன். ஆனால் வகுப்பு முடிந்ததும் அக்கா கொண்டுவரும் அந்தப் பயிற்சிக் காரில்தான் வீட்டுக்குப் போவேன். அவர் ஓட்டுவார், நான் பக்கத்து இருக்கையில். "அதுல கால் படாம உக்காரு" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது பிரேக் என் வலது காலுக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருந்ததோ, அதே தூரம். அதே கோணம்.

அதற்குப் பிறகு என் குறிப்புத்தாளின் ஓரத்தில் புள்ளி வைக்கத் தொடங்கினேன். ஒரு மிதிப்புக்கு ஒரு புள்ளி. கீழே, பேச்சு திசைமாறியதற்கு ஒரு புள்ளி. தாளின் நடுவில், 'பார்வை நன்று, குரல் இதம்' என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெரியவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது?

இரண்டாவது முடிவு வந்த அன்று மாலை, காரில் வழக்கமான பேச்சு இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன். "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா?"

"சைலன்சரே சத்தம் போடுதா? சொல்லு."

"ரூம்ல பேசும்போது நீங்க பிரேக் போடறீங்க."

"அதான் மேடமும் எழுதியிருக்காங்களே."

"இல்லக்கா. நெசமாவே. வலது காலால. இருபது நிமிஷத்துல ஒன்பது தடவை. ஒவ்வொரு தடவையும் மிதிச்ச உடனே பேச்சை மாத்தறீங்க. அதுவும் ஒன்பது."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. காரை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, இன்ஜினையும் அணைத்தார்.

"ஒரு தடவைதான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

பிறகு சொன்னார். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு அம்மா கற்றுக்கொள்ள வந்தார். ஐம்பது வயது இருக்கும். பத்தே வகுப்பில் நன்றாக ஓட்டினார். ஆனாலும் முப்பது வகுப்பு எடுத்தார். லைசென்ஸ் தேர்வுக்குப் போகச் சொன்னால், இன்னும் கொஞ்சம் பழகிக்கொள்கிறேன் என்பார். "நான்கூட கிண்டல் பண்ணுவேன், மேடம், என் வேலைக்கு உலை வைக்கப் போறீங்களான்னு. ஒரு நாள் பைபாஸ்ல போயிட்டிருக்கோம். திடீர்னு, யார்கிட்டயும் இதைச் சொன்னதில்ல, எங்க வீட்ல..னு ஆரம்பிச்சாங்க. நான் மிதிச்சுட்டேன். வண்டி குலுங்கி நின்னுடுச்சு."

"எதிர்ல என்ன வந்துச்சு?"

"அதான். ஒண்ணுமே வரல. ரோடு காலி."

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சுன்னு கேட்டாங்க. நாய் குறுக்க ஓடுச்சுன்னு சொல்லிட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல. மறுநாள்லேருந்து வரவே இல்ல. எங்க வீட்லன்னு சொன்னாங்களே, அதுக்கப்புறம் என்ன? அதைக் கேக்கற தைரியம் வேணும்னுதான் இந்தப் படிப்புக்கே வந்தேன். மூணு வருஷம் படிச்சும் கால் அங்கேயே நிக்குது பாரு."

மறுநாளிலிருந்து காலை அடக்கும் வேலை தொடங்கியது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பயனில்லை. காலுக்கு மேல் கால் போட்டார். மேலே இருந்த கால் காற்றை மிதித்தது. "நாற்காலியோட சேத்துக் கட்டிடலாமா?" என்று வக்கீல் துப்பட்டா ஒன்றைக் கொண்டுவந்தான். கடைசியில் வலது காலை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் மரத்துப்போய், எழுந்தபோது வக்கீல் மேல் சாய்ந்தார். ஆனாலும் விடவில்லை. வாகனம் இல்லாத இடத்தில் மிதிக்காதே, மிதிக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அலைந்தார்.

அந்தப் பயிற்சி வேறொரு இடத்தில் பலித்துவிட்டது. காலை ஆறு மணி வகுப்பில், கற்றுக்கொள்ள வந்த இளைஞர் ஒருவர் திருப்பத்தில் அகலமாகப் போனார். அக்காவின் கால் ஒரு கணம் யோசித்தது. பதினாறு வருடத்தில் யோசித்ததே இல்லை. கார் ஒரு கேட் தூணில் உரசி முன்பக்க பம்பர் உள்வாங்கியது. யாருக்கும் அடியில்லை. முதலாளி பம்பரைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உன் காலை நம்பித்தான் நான் ஊர்ப் பிள்ளைங்களை இந்த வண்டில ஏத்தறேன். கவுன்சலிங்கா, காலா, ஒண்ணை முடிவு பண்ணிட்டு வா."

அன்று மாலை அக்கா பயிற்சிக்கு வந்து, செருப்போடு, இரண்டு காலையும் தரையில் ஊன்றிச் சாதாரணமாக உட்கார்ந்தார். "இனிமே காலை ஒண்ணும் பண்ண மாட்டேன். காலைல ஆறு மணிக்கு அது எனக்கு வேணும்" என்றார். தேர்வுக்கு நான்கு நாள் இருந்தது. என்ன செய்யப் போகிறார் என்று நானும் கேட்கவில்லை, அவருக்கும் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை.

மூன்றாவது தேர்வில் ஒலிப்பதிவுக் கருவியையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. ஆலோசனைக்கு வந்தவர் யார் என்பதையும், அவர் என்ன சொன்னார் என்பதையும் நான் எழுதப்போவதில்லை. அந்த அறையில் கேட்டது அந்த அறையோடு என்பது நாங்கள் முதலில் கற்ற விதி. அக்கா சொன்னதை மட்டும், அவர் சம்மதத்தோடு, எழுதுகிறேன்.

முதல் பன்னிரண்டு நிமிடம் பழைய கதைதான். நான்கு முறை மிதித்தார், நான்கு முறை திருப்பினார். பதின்மூன்றாவது நிமிடத்தில் வந்தவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். அக்காவின் கால் அழுந்தியது. ஒரு கை டிஷ்யூ பெட்டிக்குப் போயிற்று.

"நீங்க வேலைக்கு எத்தனை மணிக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க. நீங்க இப்ப ஏதோ சொல்ல வந்தீங்க, நான் குறுக்க வந்துட்டேன். நீங்க தப்பா எதுவும் சொல்லிடல. கேக்கறதுக்கு எனக்குப் பயமா இருந்துச்சு, அதான். இப்ப நான் தயாரா இருக்கேன். நீங்க விரும்பினா சொல்லுங்க. இல்லன்னாலும் பரவாயில்ல."

அதற்குப் பிறகு அறையில் யாரும் பேசவில்லை. கருவியின் கணக்குப்படி நாற்பத்தொரு விநாடி. அவ்வளவு நேரமும் அக்காவின் கால் தரையை அழுத்திக்கொண்டேதான் இருந்தது, விரல்கள் வெளுக்கும் அளவுக்கு. ஆனால் அந்தத் தரையில் பிரேக் எதுவும் இல்லை. வாய் மூடியிருந்தது. நாற்பத்திரண்டாவது விநாடியில் வந்தவர் பேசத் தொடங்கினார். மீதி நேரம் முழுவதும் அவர்தான் பேசினார். டிஷ்யூவைத் தானே எடுத்துக்கொண்டார்.

மூன்று பத்தி எழுத உட்கார்ந்தபோது வக்கீல் ஒரு யோசனை சொன்னான். "அக்கா, அந்த பயம்னு சொன்ன இடத்தைத் தூக்கிடுங்க. ஆலோசகர் தன் கதையைச் சொல்லக் கூடாதுன்னு புக்லயே இருக்கு. முழு ஆடியோவையும் யார் உக்காந்து கேக்கப் போறாங்க? கடைசி வாய்ப்பு வேற."

அக்கா பேனாவை அந்த வரியின் மேல் வைத்தபடி வெகுநேரம் இருந்தார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு மூன்றாவது பத்தியில், ஏன் அப்படிச் சொன்னேன் என்ற தலைப்பின் கீழே, நுணுக்கமான எழுத்தில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'பிரேக் போட்டால் ஏன் போட்டேன் என்று சொல்ல வேண்டும்.'

எழுதிக் கொடுத்ததைப் பற்றிக் கேள்வி கேட்கும் நேர்முகத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். மேடத்தின் அறைக்கும் நாங்கள் காத்திருந்த இடத்துக்கும் நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்புதான். எல்லாம் கேட்டது.

"வந்தவங்ககிட்ட உங்க பயத்தைச் சொல்லலாம்னு எந்தப் புத்தகத்துலம்மா இருக்கு?" என்றார் தேர்வாளர்.

"புத்தகத்துல இல்ல சார். வண்டில இருக்கு" என்றார் அக்கா. "நான் பிரேக் போட்டா ஓட்டுறவங்களுக்கு அது ஏன்னு உடனே சொல்லணும். சொல்லலைன்னா, நாமதான் என்னவோ தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சுக்குவாங்க. அடுத்த தடவை வண்டியை எடுக்கவே மாட்டாங்க. ஒருத்தர்கிட்ட நான் சொல்லாம விட்டிருக்கேன் சார்."

எனக்குப் பக்கத்தில் வக்கீல் நகத்தைக் கடித்தான்.

"அப்ப பன்னிரண்டு நிமிஷம் வரைக்கும்?" என்று கேட்டார் மேடம்.

"அது தேறாது மேடம்."

"சரி. அதுவும் தெரிஞ்சிருக்கு" என்றார் மேடம்.

முடிவு ஒரு வாரம் கழித்து ஒட்டப்பட்டது. ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு. வகுப்பிலேயே கடைசி. அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று மகளுக்குப் போன் செய்தார்.

"அம்பத்திரண்டா?" மகளின் குரல் எங்களுக்கும் கேட்டது. "நான் எடுத்தா வீட்ட ரெண்டாக்குவியே!"

"ஆக்குவேன்டி. நீ எடுத்துப் பாரு" என்றார் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், முன்பு நிறுத்திய அதே இடத்தில் காரை நிறுத்தினார். கைபேசியை எடுத்து, எதையோ தேடினார். 'பைபாஸ் மேடம்' என்று சேமித்திருந்த எண். நான்கு வருடமாக அழிக்காமல் வைத்திருக்கிறார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். அனுப்பிவிட்டு என்னிடம் காட்டினார்.

'மேடம், நான் டிரைவிங் ஸ்கூல் டீச்சர். அன்னைக்கு ரோட்ல நாய் எதுவும் ஓடல. நான்தான் பயந்துட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.'

எண் மாறியிருக்கலாம், பார்க்காமலே விடலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கைபேசி அதிர்ந்தது.

'தெரியும்மா. ஓட்டினது நான்தானே.'

அக்கா அதை இரண்டு முறை படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "இப்ப என்னடி எழுதறது? மன்னிப்பு கேக்கவா? எப்படி இருக்கீங்கன்னு கேக்கவா?" என்று என்னைப் பார்த்தார். அவர் கட்டைவிரல் எழுத்துகளின் மேல் அலைந்தது.

திரையின் மேல்பகுதியில், அந்தப் பக்கத்தில் இன்னும் தட்டச்சு நடந்துகொண்டிருப்பதற்கான மூன்று புள்ளிகள் தெரிந்தன. நின்றன. மறுபடி ஓடத் தொடங்கின.

அக்கா விரலை எடுத்துவிட்டார். கைபேசியை ஸ்டியரிங்கின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.